மூக்குத்திக்கு மேல் ஒரு புள்ளி: மோஸ் சிகிச்சை பற்றி என் மதிப்புரை

காலை 7.15க்கு உள்ளே போனவள் பிற்பகல் 1.30க்கு வெளியே வந்தேன். அதற்குள் என் வலது மூக்கு மடலிலிருந்து மூன்று முறை சதை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதைப் பக்கத்து அறையில் உறையவைத்துச் சீவி, சாயமேற்றி, ஸ்லைடு ஆக்கினார்கள். வெட்டிய டாக்டரே அந்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மூன்றாவது தடவை எங்கும் புற்று தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் ஊசியில் நூலைக் கோத்தார். இதற்குத்தான் மோஸ் சிகிச்சை என்று பெயர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகத்தில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று என்று ரிப்போர்ட் வந்து, உங்கள் தோல் மருத்துவர் மோஸ் செய்யலாம் என்றால், தயங்காமல் போங்கள். நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை ஏன் குறைந்தது என்பதைப் பின்னால் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். அமெரிக்காவில், தெற்கு விஸ்கான்சினில் நான் குடியிருக்கும் மேடிசனிலிருந்து காரில் போகிற தூரத்தில் இருக்கிறது, அவ்வளவு போதும்.

நான் யார் என்றும் சொல்லவேண்டும். மதுரை செல்லூரில் பிறந்தவள். டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமா படித்துவிட்டு அங்கேயே ஒரு லேபில் வேலை பார்த்தேன், கல்யாணமாகி இங்கே வந்தபின் மறுபடி பரீட்சை எழுதி ஹிஸ்டாலஜி டெக்னீஷியன் ஆனேன். 19 வருடமாக என் வேலை ஒன்றுதான்: ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டப்பாவில் வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மைக்ரான் கணக்கில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொடுப்பது. பார்த்துச் சொல்வது பேத்தாலஜிஸ்ட். அவர் பார்க்கும்படி செய்வது நான். ஆகவே இந்த மதிப்புரையை நோயாளியாகவும் எழுதுகிறேன், அந்தத் தொழிலில் இருப்பவளாகவும் எழுதுகிறேன்.

புள்ளி வந்தது போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு முன்னால். மூக்குத்திக்கு அரை விரல்கடை மேலே கறுப்பாக, மிளகில் பாதி அளவு, விளிம்பில் முத்துப்போல ஒரு பளபளப்பு. மச்சம் என்று நினைத்தேன். காட்டிய முதல் கிளினிக்கிலும் மூக்குத்தி உறுத்திய தழும்பாக இருக்கும் என்று களிம்பு எழுதிக்கொடுத்தார்கள். "உங்கள் நிறத்துக்குத் தோல் புற்றெல்லாம் வராது" என்று அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் நம்பினேன். தினமும் புற்றுச் செல்களைக் கையில் பிடிக்கிறவள் நம்பினேன். ஒரு வருடம் போயிற்று. முகம் துடைத்தால் துண்டில் பொட்டாக ரத்தம், பிறகு பொருக்கு, பொருக்கு உதிர்ந்தால் மறுபடி ரத்தம். ஆறாத புண் என்று ஒன்று முகத்தில் இருந்தால், எந்த நிறத் தோலாக இருந்தாலும் பயாப்சி கேளுங்கள். நம்மைப் போன்ற மாநிறத்துக்காரர்களுக்கு இந்தப் புற்று அரிதாக வரும், ஆனால் வரும். வரும்போது பெரும்பாலும் கறுத்துத்தான் வரும், அதனால்தான் மச்சமென்று ஏமாற்றுகிறது.

பயாப்சி ரிப்போர்ட்டில் நிறமேறிய பேசல் செல் கார்சினோமா, ஓரத்தில் ஊடுருவும் வகை என்று இருந்தது. இந்தப் புற்று உடம்பில் வேறிடத்துக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்தைத் தின்னும். மூக்கு, கண்ணிமை, காது ஓரங்களில் வந்தால் வெளியே மிளகளவு தெரியும், உள்ளே வேர்விட்டு எங்கே போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வேரை விட்டுவிட்டால் சில வருடம் கழித்துத் தழும்புக்கு அடியிலேயே முளைக்கும். பயந்துபோய் அகலமாக வெட்டினால் மூக்கு போகும்.

இங்கேதான் என் தொழிலைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். வழக்கமான முறையில் சர்ஜன் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி அனுப்புவார். நாங்கள் அதை ரொட்டித் துண்டு போடுவதுபோலக் குறுக்கே நறுக்கி, ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஓரிரு சீவல் எடுத்து ஸ்லைடு போடுவோம். "விளிம்பு சுத்தம்" என்று ரிப்போர்ட் போகும். நாங்கள் பார்த்த சீவல்களில் சுத்தம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இரண்டு துண்டுக்கு நடுவே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டால் முழு விளிம்பில் நூற்றில் ஒரு பங்குகூட கண்ணுக்கு வராது. பெரும்பாலான கட்டிகளுக்கு அது போதும். மூக்கில் ஊடுருவும் வகைக்கு அது போதாது என்று, என் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அன்று ராத்திரி எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

மோஸ் முறையில் வெட்டும் வடிவமே வேறு. கத்தியைச் செங்குத்தாக இறக்காமல் சாய்த்து, ஏறக்குறைய 45 டிகிரியில், தட்டையான தொன்னை மாதிரி எடுப்பார்கள். பிரசாதம் வாங்கும் அதே இலைத் தொன்னைதான். அதன் ஓரத்தில் இரண்டு இடத்தில் கீறிவிட்டு அமுக்கினால் அடியும் சுவரும் ஒரே தளமாகப் படியும் இல்லையா, அப்படி அந்தச் சதையைப் படியவைத்து, அடிப்பக்கத்திலிருந்து கிடைமட்டமாகச் சீவுவார்கள். வெளிப்புற மேற்பரப்பு முழுவதும், ஓரமும் ஆழமும் சேர்த்து, ஒரே சீவலில் வந்துவிடும். பார்க்காத இடம் என்று ஒன்று மிஞ்சாது. எங்காவது புற்று தெரிந்தால், எந்த மூலையில் என்று வரைபடத்தில் குறித்து, அந்த மூலையில் மட்டும் மறுபடி எடுப்பார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஊர்க்காரர் என்பதில் மேடிசன் லேப் ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஃப்ரெடரிக் மோஸ், 1910ல் விஸ்கான்சினில் பர்லிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த மோஸ் 1773ல் ஜெர்மனியில் பிறந்த வேறு ஆள். இன்னொன்று, "மோஸ்" (Mohs) என்பதே முழுப் பெயர். "மோ" என்று ஒரு டாக்டர் இருந்தார் என்று எண்ணிக்கொண்டு நடுவே ஒரு குறியைப் போட்டு எழுதிய சீட்டுகள் எங்கள் லேபுக்கு வாரம் ஒன்றாவது வரும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தமாக இருக்கும்.

ஏப்ரல் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி மூக்குத்தியைக் கழற்றவேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதில் மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஆசாரி குத்திவிட்டது. ஏழு கல். நாற்பது வருடத்தில் இரண்டு தடவைதான் கழற்றியிருக்கிறேன். திருகு இறுகிப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் விட்டு, கைக்குட்டையைச் சுற்றி, முக்கால் மணி நேரம் போராடிக் கழற்றினார். அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தேன். வெறும் மூக்கைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறிவிட்டது. "என்னத்தா இது, அந்தத் துளை இருக்குமா, அதையும் எடுத்துருவாகளா?" என்றாள். தெரியாது அம்மா என்றேன். அது நிஜம். வெட்டுகிற டாக்டருக்கே அது காலையில் தெரியாது. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மனதில் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டியது இதைத்தான். எவ்வளவு பெரிய குழி ஆகும், எத்தனை சுற்று ஆகும், எப்படி மூடுவார்கள், எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முதல் சுற்று இருபது நிமிடம்கூட இல்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள், மூக்கில் அந்த ஊசிதான் இந்த நாளின் மோசமான பத்து விநாடி, கண்ணில் தண்ணீர் தானாக வழியும். பிறகு அழுத்தம் மட்டும் தெரியும், வலி இல்லை. டாக்டர் எடுப்பதற்கு முன் கடிகார முள்போல மேல், பக்கம் என்று தோலில் சிறு கீறல் போட்டார். எடுத்த துண்டின் ஓரங்களுக்கு நீலமும் சிவப்பும் மை தடவுவதையும், என் மூக்கின் படத்தில் அதே நிறத்தில் கோடு போடுவதையும் தலையைத் திருப்பாமல் கவனித்தேன். எந்தத் திசை எந்தத் திசை என்று குழம்பிப்போனால் மொத்த வேலையும் வீண், ஆகவே இந்த இரண்டு நிமிடத்தில் அவசரப்படுகிறவர்களிடம் நான் முகத்தைக் கொடுக்கமாட்டேன். இவர் அவசரப்படவில்லை. கட்டுப் போட்டு வெளியே உட்காரவைத்தார்கள்.

காத்திருக்கும் அறையில் ஒன்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் முகத்தில் எங்கோ ஒரு வெள்ளைக் கட்டு. மற்ற எட்டுப் பேரும் வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள், இருவர் வாழ்நாள் முழுதும் வெயிலில் டிராக்டர் ஓட்டியவர்கள். என் பக்கத்துப் பெரியவருக்குக் காதில். இது அவருக்கு நான்காவது தடவை, வேறு வேறு இடம். "புத்தகம் கொண்டு வந்தாயா அம்மா? கொண்டு வந்திருக்கவேண்டும்" என்ற பொருளில் என்னிடம் சொன்னார். என்னிடம் புத்தகம் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கிரையோஸ்டாட், சதையை உறையவைத்துச் சீவும் இயந்திரம், உறுமுவது கேட்டது. என் மூக்கின் ஒரு துண்டு ஜெல்லில் பதிந்து சுழியத்துக்கு 20 டிகிரிக்கும் கீழே உறைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு மோஸைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கையர் என்ற விலங்கியல் பேராசிரியரிடம் மோஸ் மாணவ உதவியாளராக இருந்தார். 1930களின் தொடக்கம். எலிகளின் கட்டிகளில் பலவகை ரசாயனங்களை ஊசியில் ஏற்றி என்ன ஆகிறது என்று பார்ப்பது வேலை. ஒருநாள் 20 சதவீத துத்தநாகக் குளோரைடு ஏற்றிய கட்டி செத்துப்போயிருந்தது. அதைச் சீவிப் பார்த்தால், ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறப்போட்ட மாதிரி செல்களின் அமைப்பு அப்படியே நின்றிருந்தது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். சதையை வெட்டி எடுத்த பிறகு நாங்கள் டப்பாவில் செய்யும் பதப்படுத்தலை, அந்த ரசாயனம் உடம்பிலேயே வைத்துச் செய்துவிட்டிருக்கிறது. வேறு ஒருவர் "கட்டி செத்தது" என்று எழுதிவிட்டு அடுத்த ரசாயனத்துக்குப் போயிருப்பார். இந்தப் பையனுக்குத் தோன்றியது வேறு. உடம்பிலேயே பதப்படுத்திவிட்டால், அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கின் அடிப்பக்கத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே போகலாமே, புற்று முடிகிற இடத்தில் நிறுத்தலாமே என்று.

1934ல் எம்.டி. வாங்கினார். 1936ல் மனிதர்களுக்குச் செய்யத் தொடங்கினார். துத்தநாகக் குளோரைடைப் பசையாக்க அவர் சேர்த்த இரண்டு பொருள்களைச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒன்று ஸ்டிப்னைட், அதாவது நம்முடைய அஞ்சனக்கல். இன்னொன்று பிளட்ரூட் என்ற செடியின் கிழங்குப் பொடி. விஸ்கான்சின் காடுகளில் ஏப்ரலில் வெள்ளைப் பூவாகப் பூக்கும், கிழங்கை ஒடித்தால் ரத்தம்போலச் சிவந்த பால் வரும், அந்தச் செடி. கட்டியை எரிக்கும் காரப்பசை அவருக்கு முன்பும் உண்டு. 1850களிலேயே லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் ஃபெல் என்ற அமெரிக்க மருத்துவர் இதே கிழங்கையும் துத்தநாகக் குளோரைடையும் சேர்த்துத் தடவிப் பார்த்திருக்கிறார். நம் சித்த மருத்துவத்திலும் காரம் வைக்கும் முறை உண்டு. அவர்கள் எல்லாரும் தடவினார்கள், எரிந்தது, விழுந்தது. அடியில் மிச்சம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மோஸ் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. இதே சேர்க்கையை "கறுப்புக் களிம்பு" என்று இப்போதும் இணையத்தில் விற்கிறார்கள், மோஸ் பெயரையே சாட்சிக்கு இழுக்கிறார்கள். வாங்காதீர்கள். மேலே பொருக்கு விழுந்து தோல் மூடிக்கொள்ளும், அடியில் புற்று வளர்ந்துகொண்டிருக்கும். மைக்ராஸ்கோப் இல்லாத மோஸ் பசை வெறும் காரப்பசை. அப்படி மூக்கின் பாதியை இழந்தவர்களின் திசுவை நான் கையாண்டிருக்கிறேன்.

அந்தக் கால முறை சுலபமானது அல்ல. முதலில் ஒரு அமிலம் தடவித் தோலை இளக்குவார்கள், மேலே பசை, மேலே கட்டு. நோயாளி வீட்டுக்குப் போய் ராத்திரி முழுதும் வலி தாங்கவேண்டும். மறுநாள் வந்தால் செத்த அடுக்கை ரத்தம் வராமல் எடுத்துவிடலாம். பார்த்துப் புற்று மிச்சம் இருந்தால் மறுபடி பசை, மறுபடி ஒரு ராத்திரி. நான் நாலரை மணி நேரத்தில் கடந்த மூன்று சுற்று, 1936ல் ஒருவருக்கு மூன்று நாள். 1941ல் ஆர்க்கைவ்ஸ் ஆஃப் சர்ஜரி இதழில் 440 நோயாளிகளின் கணக்கோடு மோஸ் கட்டுரை எழுதினார். முறைக்குக் கீமோசர்ஜரி, அதாவது ரசாயன அறுவை, என்று பேர் வைத்தார். அந்தக் கட்டுரையைப் பல வருடம் முன்பு எங்கள் நூலகத்தில் எடுத்துப் படித்திருக்கிறேன். 440 பேரையும் அவரே வெட்டி, அவரே பார்த்து, அவரே பின்தொடர்ந்திருக்கிறார். காரப்பசை என்றாலே போலி வைத்தியர் ஞாபகம் வரும் காலத்தில் சர்ஜன்கள் பலர் மதிக்கவில்லை. இத்தனைக்கும் மோஸ் தோல் மருத்துவர்கூடக் கிடையாது, பொது சர்ஜன்.

"உள்ளே வாங்க" என்று நர்ஸ் அழைத்தபோது மணி 9.05. டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். அடி சுத்தம். மூக்குத்தித் துளை இருக்கும் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பென்சிலால் ஒரு பட்டை. புற்று அங்கே கீழ்நோக்கி ஓடியிருக்கிறது. அந்தப் பட்டையை மட்டும் எடுத்தார். துளை போயிற்று.

மறுபடி வெளியே. இந்தத் தடவை யோசிக்கப் பிடிக்கவில்லை. அம்மாவுக்குச் செய்தி அனுப்பலாமா என்று எடுத்த போனை வைத்துவிட்டேன். காதில் கட்டுப்போட்ட பெரியவருக்கு முதல் சுற்றிலேயே முடிந்துவிட்டது. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

10.40க்கு மறுபடி அழைத்தார்கள். அதே பக்கத்தில் இன்னும் ஒரு சின்ன இடம், அரிசி அளவு. டாக்டர் முகத்தில் சலிப்பு இல்லை. "இதற்காகத்தான் பார்க்கிறோம்" என்று மட்டும் சொன்னார். மூன்றாவது சுற்று எடுத்தார். நான் அப்போது நினைத்தேன்: எங்கள் லேபில் இந்தக் கட்டியை நான் ரொட்டி மாதிரி நறுக்கியிருந்தால், அந்த அரிசி அளவு என் இரண்டு துண்டுகளுக்கு நடுவே விழுந்திருக்கும். சுத்தம் என்று ரிப்போர்ட் போயிருக்கும். மூன்று வருடம் கழித்துத் தெரிந்திருக்கும்.

சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு ராத்திரி போய் ஒரு மணி நேரம் ஆனதற்கு ஒரு சினிமாக் கேமராதான் காரணம். 1953ல் மோஸ் கண்ணிமைப் புற்றை எடுப்பதைப் பாடப் படமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த அடுக்குக்குப் பசை போட்டுக் காத்திருந்தால் படப்பிடிப்பு நீளும். ஆகவே மரத்துப்போக ஊசி போட்டு, பசை இல்லாமல், புதுச் சதையாகவே எடுத்து உறையவைத்துப் பார்த்தார். தெளிவாகத் தெரிந்தது. அதன்பிறகு கண்ணிமைகளுக்கு அப்படியே செய்யத் தொடங்கினார். ஆனால் மற்ற இடங்களுக்குப் பசையை அவர் சீக்கிரம் விடவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் தியோடர் டிரோமோவிச் அவரிடம் கற்றுப்போன தோல் மருத்துவர். அவர்தான் பசையே வேண்டாம் என்று முகம் முழுதுக்கும் புதுச்சதை முறையைச் செய்து 1970ல் கூட்டத்தில் சொன்னார், 1974ல் சாமுவேல் ஸ்டெக்மனோடு சேர்ந்து பத்திரிகையில் எழுதினார். வலியும் வீக்கமும் குறைந்தன, அன்றைக்கே தைத்து அனுப்ப முடிந்தது. அதன் பிறகுதான் இது ஊரெங்கும் பரவியது. தன் பெயருக்குக் காரணமான பசையைச் சிஷ்யர்கள் தூக்கிப்போட்டபோது மோஸ் சண்டைக்குப் போகவில்லை, தானும் மாறினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிய இடம் இதுதான்.

நியூயார்க்கிலிருந்து வந்து மோஸிடம் கற்ற பெர்ரி ராபின்ஸ், தோல் மருத்துவர்களைக் கத்தி பிடிக்கப் பழக்கியவர்களில் முக்கியமானவர். 1979ல் ஸ்கின் கேன்சர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவரும் அவரே. 1967ல் மோஸைத் தலைவராக வைத்துக் கீமோசர்ஜரிக்கு ஒரு சங்கம், 1970ல் தோல் அறுவை சிகிச்சைக்கே ஒரு சங்கம். களிம்பும் மாத்திரையும் எழுதித்தரும் துறை என்று இருந்ததற்குள் ஒரு அறுவை சிகிச்சைத் துறை வளர்ந்ததற்கு மேடிசனின் இந்தப் பொது சர்ஜன் ஒரு பெரிய காரணம். பசை போனபின் கீமோசர்ஜரி என்ற பேருக்கு அர்த்தமில்லாமல் போய், 1980களில் மோஸ் என்ற பேர் நிலைத்தது. அவர் 2002ல், 92 வயதில் மேடிசனில் இறந்தார்.

11.50. சுத்தம்.

மிளகளவு புள்ளிக்கு மூக்கில் 13 மில்லிமீட்டர் குழி. கண்ணாடி கேட்டேன், கொடுத்தார்கள். பார்க்கவேண்டாம் என்று நினைப்பவர்கள் பார்க்கவேண்டாம், தவறில்லை. மூக்கின் மேல்பகுதியில் தளர்வாக இருக்கும் தோலை இரண்டு இதழ்போல வெட்டி, அடிப்பகுதி ஒட்டியிருக்கும்படியே கீழே திருப்பி, குழியை மூடித் தைத்தார். இதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கட்டு மூக்கையே மறைத்தது.

இப்போது அந்த அரைப் புள்ளி. காயத்தை எப்படியெல்லாம் மூடலாம் என்பதை இரண்டாம் சுற்றுக்குப் பிறகாவது படம் போட்டுக் காட்டியிருக்கலாம். கத்தி ஏந்தி நிற்கும்போது "இப்படிச் செய்கிறேன், சரியா?" என்று கேட்டால் சரி என்பதைத் தவிர என்ன சொல்வது. அடுத்தது, காத்திருக்கும் அறையில் சாப்பிட எதுவும் இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று போனில் சொன்னவர்கள், மதியமும் ஆகலாம் என்று சொல்லவில்லை. எனக்கு என் வீட்டுக்காரர் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொண்டுவந்திருந்தார், மெதுவாக மெல்ல முடிந்தது. மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, மூக்குக் கண்ணாடி. கட்டு இருக்கும்போது கண்ணாடி மாட்ட முடியாது என்பதை யாரும் முன்னால் சொல்லவில்லை. கண்ணாடி இல்லாமல் எனக்கு வாசல்படி தெரியாது. நான்கு நாள் கண்ணாடியின் நடுப்பட்டையை நெற்றியில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு திரிந்தேன். உங்களிடம் கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் எடுத்துவையுங்கள்.

செலவு: சுற்றுக் கணக்கில் பில் போடுவார்கள், தையலுக்குத் தனி பில். ஸ்லைடு பார்ப்பது சுற்றுக்குள்ளேயே அடக்கம், ஏனென்றால் பார்ப்பவரும் வெட்டியவரே. யாராவது வெட்டுபவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர் என்று சொல்லி மோஸ் என்று பில் போட்டால், அது மோஸ் அல்ல, கேள்வி கேளுங்கள். இன்சூரன்ஸ் போக என் கையிலிருந்து போனது 870 டாலர். எல்லாருக்கும் இதே கணக்கு வராது.

யாருக்கு வேண்டாம் என்பதும் முக்கியம். முதுகிலோ தொடையிலோ சின்னதாக, மேலோட்டமாக வந்திருந்தால் சாதாரணமாக வெட்டுவதோ சுரண்டித் தீய்ப்பதோ போதும், ஒருநாள் முழுதும் உட்காரவேண்டியதில்லை. முகம், கை, பாதம், ஒருதடவை எடுத்தபின் திரும்ப வந்தது, ஊடுருவும் வகை, இவற்றுக்குத்தான் இத்தனை பாடு தகும். முதல்தடவை வந்த பேசல் செல் கட்டிக்கு ஐந்து வருடத்தில் திரும்பாமல் இருப்பது நூற்றில் 99 வரை என்று சொல்கிறார்கள். வழக்கமான முறையில் 90 அளவில். இரண்டு கணக்குக்கும் நடுவே விழும் ஒன்பது பேரில் ஒருத்தியாக நான் இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், அரிசி அளவு இடத்தை நானே வரைபடத்தில் பார்த்தேனே.

ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஒட்டிய இடம் முதலில் மெத்தென்று தூக்கி நின்றது, தினம் இரண்டு தடவை விரலால் அழுத்தித் தேய்க்கச் சொன்னார்கள், அமுங்கிவிட்டது. கோடு கொஞ்சம் கறுத்திருக்கிறது, நம் தோலுக்கு அப்படித்தான் ஆகும், மங்க ஒரு வருடமாகும் என்றார்கள். அம்மா பார்த்துவிட்டு, "இடது பக்கம் குத்திக்கத்தா, பேசரி போட்டுக்கலாம்" என்றாள். டிசம்பரில் மதுரை போகும்போது பார்க்கவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு உடம்பையும் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

தையல் பிரித்த அன்று டாக்டரிடம் ஒன்று கேட்டேன். நான் இந்தத் தொழில்தான், என் ஸ்லைடைப் பார்க்கலாமா என்று. அவர் யோசிக்கவே இல்லை, உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். முதல் சுற்றின் ஸ்லைடில் கருநீலத் தீவுகள், ஓரத்தில் வேலி போட்டதுபோல வரிசையாக நிற்கும் செல்கள், கீழ்மூலையில் நூலாகப் பிரிந்து ஓடும் வேர்கள். ஆயிரம் தடவை பார்த்த படம், என் மூக்கில் இருந்ததை முதல் தடவை பார்த்தேன். மூன்றாவது ஸ்லைடை வைத்தார். மேல்தோல் முழு நீளமும் அறுபடாமல், கொழுப்பும் எண்ணெய்ச் சுரப்பிகளும் மடிப்பில்லாமல். இரண்டு தடவை விளிம்பை முழுக்கச் சுற்றி வந்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு ஓட்டை இல்லை. மூக்கு மடலின் சதையில் கொழுப்பு உறையாமல் வழுக்கும், இப்படிச் சீவுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

இதைச் சீவியவரைப் பார்க்கவேண்டும் என்றேன். கிரையோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சின்னப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். இவ்வளவு வருடத்தில் எந்த நோயாளியும் அந்த அறைக்குள் வந்ததில்லையாம். கையுறையைக் கழற்றிவிட்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அப்புறம், மூக்குத் துண்டுக்குக் குளிரை எத்தனை டிகிரியில் வைக்கிறாய் என்று கேட்டேன். அவள் சொன்னாள். நாங்கள் வைப்பதைவிட நாலு டிகிரி குறைவு. மறுநாள் லேபில் அப்படி வைத்துப் பார்த்தேன். வழுக்கவில்லை.